ஷிவ் நாடாரின் வாழ்க்கையை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: கரும்பலகை

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில்முனைவோர் ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால், எச்சிஎல் நிறுவனர் ஷிவ் நாடாரைத் தேர்ந்தெடுத்தேன். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தமிழ்நாட்டிலேயே படித்து, தில்லிக்குச் சென்று கணினித் தொழிலைக் கட்டி எழுப்பியவர் என்பதால் என் மாணவர்கள் அவரைத் தங்களுக்கு நெருக்கமானவராக உணர்வார்கள் என்று நினைத்தேன்.

குறிப்புகளைத் திரட்டத் தொடங்கியதும் ஒரு சங்கடம் எழுந்தது. நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்திருக்கின்றன: கிராமத்துச் சிறுவன், மாடியறை, கையில் சொற்பப் பணம், பிறகு பெருஞ்செல்வம், இறுதியில் கொடை. நடுவில் இருக்கும் முப்பது நாற்பது ஆண்டுகள் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றன. எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, எந்த முயற்சி தோற்றது, அரசின் கொள்கை எந்த அளவுக்குத் துணை நின்றது என்பவற்றையெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வணிகவியல் மாணவர்களுக்கு அந்த நடுப்பகுதியே பாடம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே இங்குள்ளவர்களிடம் இரண்டு கேள்விகள். அவருடைய தொழில் வாழ்க்கையில் மாணவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டிய திருப்பங்கள் எவை? அவரைச் 'சுயமாக உயர்ந்தவர்' என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி? கொடைப் பணிகளைப் பற்றி நேரடியாக அறிந்தவர்கள் இருந்தால் அவர்களும் எழுத வேண்டுகிறேன்.


பதில்: பழைய வன்பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். 1980-களில் கணினிப் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விரிவாகவே எழுத விரும்புகிறேன். அந்தக் காலகட்டத்தை விளக்காமல் இவருடைய கதையைச் சொன்னால், அவர் செய்தது என்ன என்பதே மாணவர்களுக்குப் புரியாமல் போய்விடும்.

பிறப்பையும் படிப்பையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1945 ஜூலை 14 அன்று, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கும் மூலைப்பொழி என்னும் ஊரில் பிறந்தார். கும்பகோணம், மதுரை, திருச்சி என்று பல ஊர்களில் பள்ளிப் படிப்பு. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் புகுமுக வகுப்பு. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல். 1967-இல் புனேயில் வால்சந்த் குழுமத்தைச் சேர்ந்த கூப்பர் இன்ஜினீயரிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து தில்லி வந்து, டிசிஎம் எனப்படும் தில்லி துணி ஆலைக் குழுமத்தின் மின்னணுப் பிரிவில் பணியாற்றினார். துணி ஆலை நிறுவனம் ஒன்று கணிப்பான்களை (கால்குலேட்டர்களை) தயாரித்து விற்றுக்கொண்டிருந்ததை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் பின்னால் அவருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய தோழர்கள் அங்கேதான் அவருக்குக் கிடைத்தார்கள்.

நல்ல சம்பளத்தில் இருந்த அந்த இளைஞர்கள் வேலையை விட்டு வெளியேறி, முதலில் மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கணிப்பான்களை விற்றார்கள். அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். தில்லி வீடொன்றின் மொட்டைமாடி அறைதான் அலுவலகம். கையிலிருந்த முதலீடு 1,87,000 ரூபாய். எல்லாக் கட்டுரைகளும் இந்த இடத்தில் மாடியறையை வருணித்துவிட்டு மேலே போய்விடும். எனக்கோ அவர்கள் முதலில் கணிப்பானை விற்றதுதான் முக்கியமாகப் படுகிறது. கணினி செய்வதுதான் அவர்களுடைய நோக்கம். ஆனால் அதற்கு வேண்டிய பணமும் இல்லை, உரிமமும் இல்லை. ஆகவே தங்களுக்கு ஏற்கெனவே செய்யவும் விற்கவும் தெரிந்த பொருளை விற்று, அந்த வருவாயைக் கொண்டு அடுத்த படிக்குப் பணம் சேர்த்தார்கள்.

உரிமம் என்ற சொல் இன்றைய மாணவர்களுக்கு விளங்காது. அக்காலத்தில் கணினி தயாரிக்க வேண்டுமென்றால் அரசின் அனுமதி வேண்டும். உதிரிபாகங்களை இறக்குமதி செய்யத் தனி அனுமதி வேண்டும். உத்தரப் பிரதேச அரசின் மின்னணுக் கழகமான அப்ட்ரான், மாநிலத்தில் மின்னணுத் தொழிலை வளர்க்கக் கூட்டாளிகளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கழகம் 26 விழுக்காடு பங்குடன் உள்ளே வர, 1976-இல் ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் பிறந்தது. எச்சிஎல் என்பது அதன் சுருக்கம். நிறுவனத்தின் தலைமையகம் இன்றுவரை அதே மாநிலத்தின் நொய்டாவில் இருப்பதற்கான வேர் அங்கே இருக்கிறது.

இதே வேளையில் வெளியே ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தங்கள் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தியது. இந்தியாவில் பெரும்பாலும் பழைய இயந்திரங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம், அந்த நிபந்தனைக்கு உடன்படாமல் 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதே ஆண்டில் எச்சிஎல் தன்னுடைய 8சி என்னும் நுண்கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே சிறு கணினிகள் பரவலாக விற்பனைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஐபிஎம் போனதால் எச்சிஎல் வளர்ந்தது என்று ஒரே வரியில் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். அந்த வெற்றிடம் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது. ஐதராபாத்தில் அரசுத் துறை நிறுவனமான இசிஐஎல் இருந்தது, டிசிஎம் இருந்தது, சாராபாய் குழுமத்தின் ஓஆர்ஜி இருந்தது, சற்றுப் பின்னால் விப்ரோவும் வந்தது. இவர்களுக்கெல்லாம் எச்சிஎல்லைவிட நீண்ட வரலாறோ பெரிய பின்பலமோ இருந்தது. கல்லூரியிலிருந்து வெளிவந்த இளம் பொறியாளர்களை எடுத்து, அவர்களிடம் பெரும் பொறுப்புகளை நம்பி ஒப்படைத்து, கணினியைப் பார்த்தே இராத நிறுவனங்களிடம் போய் அதன் பயனை எடுத்துச் சொல்லி விற்றது எச்சிஎல். நான் போட்டி நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவன். ஒரு வங்கிக் கிளைக்கோ ஆலைக்கோ நாங்கள் போய்ச் சேரும்போது அவர்களுடைய விற்பனையாளர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருப்பார். அந்தச் சுறுசுறுப்பை அன்று பொறாமையோடும் இன்று மரியாதையோடும் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்து, மாணவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது தோல்விகளின் பகுதி. 1980-இல் சிங்கப்பூரில் ஃபார் ஈஸ்ட் கம்ப்யூட்டர்ஸ் தொடங்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் கணினி விற்பதை நினைத்தும் பார்க்காத காலம் அது. அதன் பிறகு 1980-களின் இறுதியில் அமெரிக்காவிலேயே தங்கள் கணினியை விற்கும் துணிச்சலான முயற்சியில் இறங்கினார்கள். அது கைகூடவில்லை. ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்திலும் கணினி வடிவமைப்பிலும் பத்தாண்டுகள் தேர்ந்திருந்த பொறியாளர்களின் உழைப்பு அங்கே விலைபோகும் என்பது தெரிந்தது. 1991-இல் இரண்டு கிளைகள் பிரிந்தன. வன்பொருள் தொழில் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஹியூலெட் பக்கார்டுடன் கூட்டு நிறுவனமாகியது. மென்பொருள் சேவைக்கென்று தனி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அந்த இரண்டாவது கிளைதான் இன்றைய எச்சிஎல் டெக்னாலஜிஸ். 1999-இல் அது பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பணிபுரிகிறார்கள்.

பெயரில் 'கம்ப்யூட்டர்ஸ்' என்று வைத்துக்கொண்டு தொடங்கிய குழுமத்தில், கணினி தயாரித்த கிளை நாளடைவில் தேய்ந்துபோனது. தான் மிகவும் நேசித்த தொழிலின் காலம் முடிவதை ஒப்புக்கொள்வது எளிதன்று. இந்தியாவின் தொடக்ககாலக் கணினி நிறுவனங்களில் பெரும்பாலானவை மறைந்ததற்கு அந்த ஒப்புதல் தாமதமானதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இன்னும் ஒரு நிகழ்வைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-இன் இறுதியில் ஐபிஎம்மின் சில மென்பொருள் தயாரிப்புகளை 180 கோடி டாலருக்கு வாங்குவதாக எச்சிஎல் டெக்னாலஜிஸ் அறிவித்தது. மறு ஆண்டு அவை கைமாறின. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எந்த நிறுவனத்தின் வெளியேற்றத்தால் இவர்களுக்குச் சந்தை திறந்ததோ, அதே நிறுவனத்தின் தயாரிப்புகளை இவர்கள் விலைக்கு வாங்கிய செய்தியைப் படித்தபோது, அந்தக் காலத்தில் இத்துறையில் இருந்த எங்களில் பலருக்கு நெஞ்சு நிறைந்தது.


பதில்: களவாக்கம் முன்னாள் மாணவர்

நான் ஷிவ் நாடார் நிறுவிய எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்தவள். ஆகவே என் எழுத்தில் நன்றியுணர்வு கலந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்துவிட்டு நீங்கள் படிக்கலாம்.

ஷிவ் நாடார் அறக்கட்டளை 1994-இல் தொடங்கப்பட்டது. அப்போது எச்சிஎல் டெக்னாலஜிஸ் பங்குச் சந்தைக்கே வந்திருக்கவில்லை. செல்வம் குவிந்து, முதுமை வந்து, இனிச் செலவிட வேறு வழியில்லை என்ற நிலையில் வந்த கொடை இதுவன்று. அவருக்கு ஐம்பது வயதுகூட நிறைந்திராத காலத்தில், தொழிலும் நிலைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அறக்கட்டளையின் முதல் பெரும்பணி, சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் களவாக்கத்தில் 1996-இல் தொடங்கிய எஸ்எஸ்என் கல்லூரி. தமிழ்நாட்டில் 1980-களின் நடுவிலிருந்தே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகிவந்தன. அவற்றில் பல நன்கொடை என்ற பெயரில் பெரும் தொகை வாங்கியதை அந்தத் தலைமுறைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சூழலில், நல்ல மதிப்பெண் எடுத்தும் கட்டணம் கட்ட வழியில்லாதவர்களை உதவித்தொகை தந்து சேர்த்துக்கொண்ட கல்லூரி ஒன்று இருந்தது என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எத்தகைய ஆறுதல் என்று சொல்லி முடியாது. என் தந்தை சேர்க்கைக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, கட்டணப் பகுதியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, கல்லூரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

என்னை இதைவிடவும் கவர்ந்தது வித்யாஞான் பள்ளிகள். 2009-இல் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சகரிலும் 2012-இல் சீதாப்பூரிலும் தொடங்கப்பட்ட உறைவிடப் பள்ளிகள் இவை. அந்த மாநிலத்தின் கிராமப்புறங்களில் வறிய குடும்பங்களில் பிறந்து, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் அறிவுக்கூர்மை மிக்க பிள்ளைகளைத் தேர்வு வைத்துத் தேடி எடுத்து, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை இருப்பிடம், உணவு, கல்வி அனைத்தையும் இலவசமாகத் தருகிறார்கள். பல்லாயிரம் பேருக்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து தருவதைவிட, சில நூறு பேரை முழுமையாக உருவாக்கி அவர்கள் வழியாக ஊரையே மாற்றலாம் என்பதே இதன் அடிப்படை நம்பிக்கை. கல்லூரியில் சேரும் பதினெட்டு வயதில் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வழி ஏற்கெனவே கடந்திருக்கும். பத்து வயதிலேயே கைதூக்கிவிட்டால் அந்தக் குழந்தை எட்டக்கூடிய தொலைவு வேறு.

இவற்றுடன் 2011-இல் தில்லியை ஒட்டிய பகுதியில் ஷிவ் நாடார் பல்கலைக்கழகமும், பின்னர் எஸ்எஸ்என் இருக்கும் களவாக்கத்திலேயே சென்னைக்கான பல்கலைக்கழகமும் வந்தன. 2010-இல் அவருடைய துணைவியார் கிரண் நாடார் தில்லியில் தம் பெயரால் தொடங்கிய கலை அருங்காட்சியகமும் அறக்கட்டளையின் பணிகளில் ஒன்று.


பதில்: நிறைகோல்

முந்தைய இருவரும் எழுதியதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆசிரியரின் இரண்டாவது கேள்வி இன்னும் தொடப்படாமல் இருப்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

'சுயமாக உயர்ந்தவர்' என்பது பொருத்தமான சொல்தான். அதை 'ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உயர்ந்தவர்' என்று மாற்றிச் சொல்வதில்தான் பிழை. அவருடைய தந்தை சிவசுப்பிரமணிய நாடார் நீதித்துறையில் பணியாற்றியவர். தாயார் வாமசுந்தரி தேவி, 'தினத்தந்தி' நாளிதழை நிறுவிய சி. பா. ஆதித்தனாரின் உடன்பிறந்தவர். கல்வியின் அருமையும் பொதுவாழ்வின் பழக்கமும் அறிந்த குடும்பம் அது. வறுமையில் உழன்ற சிறுவனாக அவரைச் சித்திரிப்பது உண்மைக்கு மாறானது. அது மாணவர்களுக்கு நன்மை செய்வதும் இல்லை. உண்மையிலேயே வறுமையில் இருக்கும் மாணவர், 'அவரால் முடிந்தது, என்னால் ஏன் முடியவில்லை' என்று தன்னையே நொந்துகொள்ள நேரும்.

ஆனால் பரம்பரைத் தொழிலோ, பங்குதாரர் வலைப்பின்னலோ, குடும்ப மூலதனமோ அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. அன்றைய இந்தியாவில் பெருந்தொழில் என்பது சில வணிகக் குடும்பங்களின் கையில் இருந்தது. சம்பளத்துக்கு வேலை செய்த பொறியாளர்கள் சிலர் கூடி, பட்டறிவையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் மட்டுமே மூலதனமாக்கி, ஒரு தொழில்துறையைத் தொடங்கியது அரிய செயல். இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகவே சொன்னால் மாணவர்கள் அவரை இன்னும் தெளிவாகப் பார்ப்பார்கள்.

தோழர்களின் பெயர்களைச் சொல்லாமல் விடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நிறுவனத்தின் வளர்ச்சி முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றிவைப்பது அந்த ஒருவருக்கும் பெருமை சேர்ப்பதாகாது. மேலாண்மைப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பதில் அவர் காட்டிய தாராளம் தனியே பேசத் தக்கது. வினீத் நாயர் போன்ற தொழில்முறை மேலாளர்கள் எச்சிஎல் டெக்னாலஜிஸை வழிநடத்திய காலத்தில், அதாவது 2008-இன் உலக நிதி நெருக்கடி வேளையில், பிரிட்டனின் ஆக்ஸான் நிறுவனத்தை இன்ஃபோசிஸ் முன்வைத்த விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினார்கள். 1981-இல் கணினிக் கல்வி நிறுவனமான என்ஐஐடி தொடங்கப்பட்டபோதும், வேறு இளைஞர்கள் அதைக் கட்டி எழுப்ப இவர் முதலீட்டாளராகத் துணை நின்றார்.

கொடையின் அளவைக் கேட்டால், இந்தியக் கொடையாளர்களை வரிசைப்படுத்தும் எடெல்கிவ் ஹுருன் பட்டியலின்படி 2022-இல் 1,161 கோடி ரூபாய், 2023-இல் 2,042 கோடி, 2024-இல் 2,153 கோடி என்று மூன்று ஆண்டுகளும் அவரும் அவர் குடும்பமுமே நாட்டில் முதலிடம். கடைசித் தொகையைப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5.9 கோடி. வகுப்பில் இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொல்லலாம். ஆனால் இந்தப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியையும் அவர்கள் கேட்கட்டும். பெரும்பகுதி அவருடைய அறக்கட்டளை நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் கலைப் பணிக்கும் போகிறது. பிறர் நடத்தும் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கொடையாளர்களும் இருக்கிறார்கள். தாமே நிறுவனம் கட்டி நடத்துபவர்களும் இருக்கிறார்கள். இவர் இரண்டாம் வகை. இதில் தரத்தைக் காக்கலாம், நூறாண்டு நிலைக்கும்படி திட்டமிடலாம். அதே நேரத்தில், யாருக்கு எது தேவை என்ற முடிவும் கொடுப்பவர் கையிலேயே இருக்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எடைபோட்டுப் பார்க்கத் தகுந்த கேள்வி என்றே சொல்கிறேன்.


கேள்வியாளர் மறுமொழி: கரும்பலகை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்ட்ரான் பற்றியும் தோற்றுப்போன அமெரிக்க முயற்சி பற்றியும் எனக்கு முன்பு தெரியாது. பேச்சை மூலைப்பொழியில் தொடங்குவதற்குப் பதிலாக 1978-இல், ஐபிஎம் வெளியேறும் இடத்தில் தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் அன்றைய ஒரு நிறுவனமாக நின்று அடுத்து என்ன செய்வோம் என்று விவாதிக்கட்டும். அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். தலைமைப் பொறுப்பு அவருக்குப் பின் யாரிடம் போனது என்பதையும் யாரேனும் சுருக்கமாகச் சொன்னால் பேச்சு முழுமைபெறும்.


பதில்: நிறைகோல்

2020 ஜூலையில் அவருடைய மகள் ரோஷ்ணி நாடார் மல்ஹோத்ரா எச்சிஎல் டெக்னாலஜிஸின் தலைவரானார். மறு ஆண்டு ஷிவ் நாடார் மேலாண் இயக்குநர் பொறுப்பிலிருந்தும் விலகினார். 2025 மார்ச்சில், குழுமத்தின் முதலீட்டு நிறுவனங்கள் இரண்டில் தம்மிடம் இருந்த 47 விழுக்காடு பங்குகளை மகளுக்குக் கொடையாக எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்றின் பெயரை உங்கள் மாணவர்களிடம் சொல்லுங்கள்: வாமசுந்தரி இன்வெஸ்ட்மென்ட்ஸ். எச்சிஎல் டெக்னாலஜிஸ் பங்குகளில் கணிசமான பகுதியை வைத்திருக்கும் நிறுவனம் தாயின் பெயரைத் தாங்கியிருக்கிறது. களவாக்கம் கல்லூரியின் எஸ்எஸ்என் என்னும் மூன்று எழுத்துகள் தந்தை ஸ்ரீ சிவசுப்பிரமணிய நாடாரின் பெயர்.